ஏலமா, கறார் விலையா? பழம்பொருளை இணையத்தில் விற்பவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

பரணை ஒழித்தால் பல வீடுகளில் ஏதாவது ஒரு பழம்பொருள் கிடைக்கும். தாத்தாவின் தபால்தலை ஆல்பம், அப்பா சேர்த்த முத்து காமிக்ஸ் கட்டு, பாட்டி சுருக்குப்பையில் முடிந்து வைத்த ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய், இளையராஜா பாட்டு எல்.பி. ரெக்கார்டுகள். முன்பெல்லாம் இவை பழைய பேப்பர் கடைக்கும் காயலான் கடைக்கும் எடைக்குப் போயின. இப்போது கைபேசியில் படமெடுத்து இணையத்தில் விற்கிறார்கள். விற்க உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி, ஏலம் விடுவதா, விலையைக் குறித்துவிட்டுக் காத்திருப்பதா என்பது. இதை யோசிக்காமல் இறங்குபவர்கள் நல்ல பொருளை அடிமாட்டு விலைக்கு விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் யானை விலை குதிரை விலை சொல்லி வருஷக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். இரண்டும் நேராமல் இருக்கச் சில குறிப்புகள்.

1. முதலில் இரண்டாவது ஆளைத் தேடுங்கள்.

ஏலத்தில் ஜெயிக்கிறவர்தான் விலையை முடிவு செய்கிறார் என்று நினைக்கிறோம். உண்மையில் அதை முடிவு செய்பவர் கடைசி வரை போட்டியிட்டுத் தோற்கிறவர். உங்கள் பொருளுக்கு ஒருவர் 5,000 ரூபாய் வரை கொடுக்கத் தயார், அடுத்தவர் 800 ரூபாய்க்கு மேல் வரமாட்டார் என்றால், ஏலம் 800 ரூபாயைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றுவிடும். ஈபே தளத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். அங்கே வாங்குபவர் தன் அதிகபட்சத் தொகையை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். தளம் அவருக்காக, அடுத்தவர் கேட்டதைவிட ஒரு படி மட்டும் கூட்டிக் கேட்கும். இரண்டாவது பெரிய தொகையே விலையாகும் இந்த வகை ஏலத்தைப் பற்றி 1961-லேயே ஆராய்ந்து எழுதியவர் வில்லியம் விக்ரி. 1996-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்.

ஆகவே பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இதை நிஜமாகவே விரும்பும் இரண்டு பேராவது, நான் ஏலம் விடும் அந்த ஒரு வாரத்தில், அந்த இடத்துக்கு வருவார்களா? வருவார்கள் என்றால் ஏலம். ஒருவர்தான் வருவார், அவரும் எப்போது வருவாரோ தெரியாது என்றால் கறார் விலை. இனி வரும் குறிப்புகளில் பல இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்தான்.

2. கூட்டம் கூடினால் விலை எவ்வளவு ஏறும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பொருளுக்கு ஆளுக்கு ஒரு விலை மனத்தில் இருக்கிறது. அது பூஜ்யத்திலிருந்து 3,000 ரூபாய்க்குள் எதுவாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இருவர் மட்டும் ஏலம் கேட்டால், கணக்குப்படி சராசரியாகக் கிடைப்பது 1,000 ரூபாய். 5 பேர் கேட்டால் 2,000. 9 பேர் கேட்டால் 2,400. இரண்டு பேர் ஐந்து பேரானதும் விலை இரட்டிப்பாகிறது. ஐந்து பேர் ஒன்பது பேரானால் 400 ரூபாய்தான் கூடுகிறது. அதனால் நூற்றுக்கணக்கான பேர் வேண்டும் என்று கவலைப்பட வேண்டாம். உண்மையாகவே வாங்கக்கூடிய ஐந்தாறு பேர் போதும்.

3. கேட்கிற விலையை நம்பாதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள்.

யாரோ ஒருவர் தன் நாணயத்துக்கு 2 லட்சம் என்று போட்டிருப்பதால் உங்கள் நாணயமும் 2 லட்சம் ஆகிவிடாது. ஈபேயில் தேடியபின் ‘விற்றவை’ என்ற வடிகட்டியைத் தட்டினால், சுமார் மூன்று மாதங்களில் உண்மையில் கைமாறிய விலைகள் வரும். இசைத்தட்டுகளுக்கு டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு பதிப்பும் இதுவரை விற்ற குறைந்த விலை, நடுவிலை, அதிக விலை மூன்றும் இருக்கும். நாணயங்களுக்கு மும்பையின் டோடிவாலா, பெங்களூருவின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளைப் பார்க்கலாம். ஃபேஸ்புக் குழுவாக இருந்தால் பழைய பதிவுகளைத் தேடுங்கள்.

விற்ற விலைகள் நிறையக் கிடைத்து, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் அந்தப் பொருளுக்குச் சந்தை விலை இருக்கிறது. அதைக் கறார் விலையில் போடுங்கள். ஒன்றிரண்டே கிடைத்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தால் விலையை நீங்களாக ஊகிக்க வேண்டாம். அதைக் கண்டுபிடிக்கும் வேலையை ஏலத்திடம் விடுங்கள். ஈபே 1995-ல் ஏலத் தளமாகத் தொடங்கியபோது அதில் முதலில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர். போன விலை 14.83 டாலர். அதற்கு யாராலும் விலை குறித்திருக்க முடியாது. அதே ஈபே 2000-ல் உடனடியாக வாங்கும் கறார் விலை வசதியைக் கொண்டுவந்தது. இன்று அங்கு நடக்கும் விற்பனையில் பெரும்பகுதி அந்த வழியில்தான். விலை தெரிந்த பொருளுக்கு ஒரு வாரம் காத்திருந்து ஏலம் கேட்க வாங்குபவருக்கும் பொறுமை இல்லை.

4. வெள்ளி ரூபாய்க்கு அடிவிலை உண்டு.

விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம், அதாவது சுமார் 10.7 கிராம், சுத்த வெள்ளி. 1940-லிருந்து 1945 வரை அடித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான். 1947 ரூபாய் நிக்கல். அதில் வெள்ளியே கிடையாது. வெள்ளி அன்று கிராம் என்ன விலை என்று பார்த்துப் பெருக்கினால், எந்த ஆசாரியிடம் போனாலும் கிடைக்கக்கூடிய அடிவிலை தெரிந்துவிடும். சாதாரண வருஷத்து நாணயத்தை அந்த அடிவிலைக்கு மேல் கொஞ்சம் வைத்துக் கறார் விலையில் விற்பதே நல்லது. ஆள் வராத ஏலத்தில் வெள்ளி விலைக்கும் கீழே போய்விடும் அபாயம் இருக்கிறது.

காசுமாலைக்காகக் கொக்கி பற்றவைத்த நாணயமா என்று விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பற்றவைத்து எடுத்த தழும்பு சின்னதாகத் தெரிந்தாலும் சேகரிப்பாளர் தொடமாட்டார். அதற்கு வெள்ளி விலைதான்.

5. வருஷத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

1911-ன் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் பொறித்திருந்த யானை, பார்வைக்குப் பன்றிபோல இருந்தது. எதிர்ப்பு எழுந்ததால் அந்த நாணயத்தைத் திரும்பப் பெற்று, உருவத்தைத் திருத்தி மறு ஆண்டு வெளியிட்டார்கள். அதனால் 1911-க்குத் தனி மவுசு. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாயும் அரியது. அதனாலேயே அதில் போலிகளும் அதிகம். இப்படிப்பட்டது கையில் இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் அவசரப்பட்டு விலை சொல்ல வேண்டாம். நாணயத்தைப் பரிசோதித்து அட்டவணை அச்சிட்டு ஏலம் விடும் நிறுவனத்திடம் கொடுங்கள். அவர்கள் கமிஷன் எடுப்பார்கள்தான். ஆனால் அந்த இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் அவர்களிடம்தான் இருக்கிறார்கள்.

6. காமிக்ஸ் என்றால் ஏலத்துக்குத் துணியலாம்.

இது எனக்கு மிகவும் பிடித்த வகை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984-ல் வந்த லயன் காமிக்ஸும், அதே ஆண்டில் வந்த ராணி காமிக்ஸும் ஒரு தலைமுறையின் பிள்ளைப் பிராயத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. படித்துவிட்டுத் தொலைத்தவர்கள் இன்று சம்பாதிக்கிறவர்கள். அவர்கள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் குழுக்களில் ஓரிடத்தில் கூடியிருக்கிறார்கள். ஒருவரிடம் எந்த இதழ் இல்லை என்பது அடுத்தவருக்குத் தெரியும். ஏலத்துக்கு இதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது. ஆரம்ப கால இதழ்களைத் தனித்தனியாக ஏலம் விடுங்கள். பரவலாகக் கிடைக்கும் பிற்கால இதழ்களைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கறார் விலையில் தள்ளுங்கள். மறுபதிப்பு வந்த கதையா என்றும் பாருங்கள். படிக்க மட்டும் வேண்டியவர் மறுபதிப்போடு நிறுத்திக்கொள்வார். முதல் பதிப்பைக் கேட்பவர் சேகரிப்பாளர் மட்டுமே.

இங்கே நிலையை மறைக்காமல் எழுதுவது முக்கியம். அட்டையின் முதுகில் கிழிசல், ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் விட்ட பழுப்புக் கறை, லெண்டிங் லைப்ரரி ரப்பர் ஸ்டாம்ப், முதல் பக்கத்தில் பேனாவால் எழுதிய பையன் பெயர், குறுக்கெழுத்துப் போட்டிக்காக வெட்டிய கூப்பன் எல்லாவற்றையும் படமெடுத்துப் போடுங்கள். பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பைண்டு செய்திருந்தால் ஓரம் வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். குறையைத் தெரிந்தே ஏலம் கேட்டவர் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார். குறை சொல்லாத விற்பனையாளரிடம் கேட்பவர்கள் சந்தேகத்துக்கும் சேர்த்து விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

7. தொடர்கதை பைண்டு வால்யூம்களைத் தனித்துப் பாருங்கள்.

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் வந்தபோது, வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த குடும்பங்கள் நிறைய. அவற்றில் மணியம் வரைந்த சித்திரங்கள் இருக்கும். கதைக்காக யாரும் இதை வாங்க வேண்டியதில்லை, புத்தகமாக எங்கும் கிடைக்கிறது. படங்களுக்காகத்தான் கேட்பார்கள். இரண்டு வால்யூம்கள் ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் வாரம் விட்டுப்போயிருக்கும், இன்னொன்றில் அட்டைப்படங்களும் சேர்த்துத் தைத்திருக்கும். விலை சொல்லத் தெரியாத இப்படிப்பட்ட பொருள் ஏலத்துக்கு ஏற்றது. ஆனால் ஏதாவது ஒரு குறைந்தபட்ச விலையை வைத்துவிட்டு விடுங்கள்.

8. தபால்தலை ஆல்பத்தைப் பார்த்துப் பெரிதாகக் கனவு காண வேண்டாம்.

1948-ல் சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவில் வெளியான காந்தி தபால்தலைகளில், ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்ட 10 ரூபாய்த் தலைகள் நான்கு சேர்ந்த துண்டு 2017-ல் பிரிட்டனில் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அதே வரிசையின் ஒன்றரை அணாத் தலைக்கு லட்சம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது ஏராளமாகக் கிடைக்கும் தலை. 10 ரூபாய்த் தலை உண்மையாகவே இருந்தால், போலிகள் மலிந்திருப்பதால், முதலில் நிபுணரிடம் சான்று வாங்குங்கள். பிறகுதான் விற்பனைப் பேச்சு. சென்னையில் 1956-லிருந்து தென்னிந்திய தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் காட்டினால் எது சாதாரணம், எது அரிது என்று தெரியும். சாதாரண ஆல்பத்தை மொத்தமாக, கறார் விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

உலகப் புகழ்பெற்ற தலைக்குக்கூட விலை நிரந்தரம் இல்லை. உலகில் ஒன்றே ஒன்று என்று சொல்லப்படும் பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் தலை, 2014-ல் சோத்பி ஏலத்தில் சுமார் 94.8 லட்சம் டாலருக்குப் போனது. அதே தலை அதே நிறுவனத்தின் ஏலத்தில் 2021-ல் சுமார் 83 லட்சம் டாலர்தான். ஏல விலை அந்த நாளுக்கு வந்து கேட்டவர்களைப் பொறுத்தது.

9. ஆரம்ப விலையை எங்கே வைப்பது?

குறைந்த ஆரம்ப விலை ஆட்களை இழுக்கும். முதலில் சும்மா 50 ரூபாய் கேட்டவர்கூடப் பின்னால் விட மனமில்லாமல் ஏற்றிக்கொண்டே போவார். ஆனால் இது கூட்டம் நிச்சயமாக உள்ள இடத்துக்கு மட்டும். மற்ற இடங்களில், இதற்குக் கீழே போனால் எனக்கு மனசு ஆறாது என்ற தொகை எதுவோ அதையே ஆரம்ப விலையாக வையுங்கள். ஒருவர் மட்டும் வந்தாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்று வெளியே காட்டாமல் ரகசிய அடிவிலை வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அடிவிலை எட்டவில்லை என்ற அறிவிப்பைப் பார்த்ததும் பலர் விலகிவிடுகிறார்கள்.

10. முடியும் நேரம் முக்கியம்.

ஈபேயில் 3, 5, 7, 10 நாள் ஏலங்கள் உண்டு. ஒரு சனி, ஞாயிறாவது உள்ளே வரும்படி ஏழு நாள் வையுங்கள். உள்ளூர்க் குழுவில் ஞாயிறு இரவு 9 மணிக்கு முடிப்பது நல்லது. மாதக் கடைசியைத் தவிர்த்து, சம்பளம் வந்த முதல் வாரத்தில் விடுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் யார் கையிலும் இதற்கெல்லாம் பணம் இருக்காது. கனடா, லண்டன், சிங்கப்பூர் தமிழர்கள் கேட்கக்கூடிய பொருள் என்றால் அவர்கள் விழித்திருக்கும் நேரத்தையும் பாருங்கள்.

11. கடைசி நிமிடக் கேள்விக்கு விதி வையுங்கள்.

நேரம் முடிந்தால் முடிந்தது என்ற ஏலத்தில் பலர் கடைசி விநாடி வரை வாயைத் திறக்கமாட்டார்கள். ஈபேயிலும், யாராவது கேட்டால் நேரம் நீளும்படி அன்று அமேசான் நடத்திய ஏலத்திலும் இதை ஒப்பிட்டு ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நேரம் நீளும் ஏலத்தில் கடைசி நிமிட வேட்டை வெகுவாகக் குறைந்திருந்தது. வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுவில் நீங்களே நடத்தும் ஏலத்தில், “கடைசிக் கேள்விக்குப் பிறகு 10 நிமிடம் யாரும் கேட்கவில்லை என்றால்தான் முடிவு” என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு கூட்டிக் கேட்க வேண்டும், தபால் செலவு யாருடையது, எத்தனை நாளில் பணம் வர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

12. சொந்த ஆளை விட்டு விலை ஏற்றாதீர்கள்.

மச்சானை ஏலம் கேட்கச் சொல்வது மோசடி. தளங்கள் கணக்கை முடக்கும். சின்னக் குழுக்களில் இது வெளியே தெரிய ஒரு வாரம்கூட ஆகாது; அதன்பின் உங்களிடம் யாரும் வாங்கமாட்டார்கள்.

13. கறார் விலையில் கொஞ்சம் பேரத்துக்கு இடம் விடுங்கள்.

விற்ற விலைகளின் நடுவிலையை எடுத்து, அதற்கு மேல் பத்து, பதினைந்து சதவீதம் வைத்துப் போடுங்கள். வாங்குபவர் தன் விலையைச் சொல்லும் வசதி தளத்தில் இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். குறைத்துக் கேட்டதற்காகக் கோபப்பட வேண்டாம். கேட்பவர் வாங்க நினைப்பவர். ஒரு மாதம் யாரும் விசாரிக்கவில்லை என்றால் முதலில் படத்தை மாற்றுங்கள், தலைப்பில் வருஷம், பதிப்பு எண், கம்பெனி பெயர் சேருங்கள். எக்கோ கம்பெனி வெளியிட்ட இளையராஜா ரெக்கார்டு என்றால் லேபிளில் உள்ள பட்டியல் எண்ணை எழுதுங்கள். தேடுபவர்கள் அதைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். அதன்பிறகு விலையைக் குறையுங்கள்.

ஒரே ஒரு ஆள் வந்து வாங்கும் பொருளுக்குப் பொறுமைதான் லாபம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஸ்வீடன் எனாமல் பாத்திரங்கள் நாள்கணக்கில் அடுக்கி இருக்கும். அதைத் தேடி வருபவர் ஒருநாள் வந்து வாங்கிப் போவார்.

14. ஏலத்தில் விற்காத பொருளை உடனே திரும்ப ஏலம் விடாதீர்கள்.

போன வாரம் யாரும் கேட்காத பொருள் என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டு மூன்று மாதம் ஆறப்போட்டு, வேறு இடத்தில் கறார் விலையில் போடுங்கள்.

15. தேய்க்காதீர்கள்.

புளி, சாம்பல், பற்பசை, எலுமிச்சை எதையும் நாணயத்தில் வைக்க வேண்டாம். பளபளவென்று வந்தால் மதிப்பு போயிற்று என்று அர்த்தம். புத்தகத்தில் செலோ டேப் ஒட்ட வேண்டாம்.

16. தபால் செலவை முதலிலேயே கணக்கிடுங்கள்.

200 ரூபாய்ப் பொருளுக்கு 90 ரூபாய் தபால் என்றால் ஏலம் வீண் வேலை. பலவற்றைச் சேர்த்துக் கட்டி விற்கலாம். பல கூரியர் நிறுவனங்கள் நாணயம், நோட்டுகளை ஏற்பதில்லை. பொருளைச் சொல்லிக் கேட்டு, காப்பீட்டோடு அனுப்புங்கள். பொதி கட்டுவதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

17. சட்டம்.

1972-ன் தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷச் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயமும் சிற்பமும் ஓவியமும் தொல்பொருள்கள். மதிப்புள்ள சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டு. இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். ஆகவே விக்டோரியா ரூபாயை ஈபேயில் வெளிநாட்டு ஆளுக்கு ஏலம் விட வேண்டாம். பழைய கல், உலோகச் சிலைகளைப் பதிவு செய்திருக்க வேண்டும். யானைத் தந்தப் பொருளை உள்நாட்டிலும் விற்கக்கூடாது. அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த காசு 1878-ன் புதையல் சட்டத்தில் வரும். கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

18. “டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கு லட்சங்கள்” என்பவர்களிடம் போகாதீர்கள்.

அந்த விளம்பரங்களின் ஒரே நோக்கம் உங்களிடம் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று கறப்பது. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டே இதைச் செய்ததால், 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணய விற்பனைக்கு அது எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. இன்னொன்று, யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. “ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் வந்துவிடும்” என்று வாங்குபவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

19. பழைய தமிழ் அச்சுப் பொருளை விற்கும் முன் ஒரு வேண்டுகோள்.

நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், ஊர்ப் பதிப்பகம் வெளியிட்ட குஜிலி நூல், நின்றுபோன பத்திரிகை ஆகியவை ஏலத்தில் சில நூறு ரூபாய்க்குப் போகும். யாரோ ஒருவரின் அலமாரிக்குள் போய் மறைந்தும்விடும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவற்றைக் கொண்டு 1994-லிருந்து இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. இந்தப் பொருள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால், கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள். விற்பதாக இருந்தாலும் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகு விற்றுவிடுங்கள்.